100 கிலோ எண்டு எழுதினால் போதுமா?

எங்கட அறை மூலையில ஒரு பார்பெல் சாத்தி வைச்சிருக்கிறம். நடுவில மெல்லிசா வளைஞ்ச பார்பெல். மூன்று பேர் காசு சேர்த்து வாங்கினது. பெட்டியில '100 கிலோ' எண்டு அச்சடித்திருந்தது. ஒருநாள் 80 கிலோவோடு ஸ்குவாட் செய்யேக்க எழும்ப ஏலாமல், ஸ்டாண்டின் பக்கக் கம்பிகளில் பாரை விட்டோம். எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பார் வளைந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்டால், "தம்பி, அது தூக்கத்தான், விழுத்துறதுக்கு இல்லை" எண்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மலிவான பார்களில் எழுதியிருக்கும் எடை பெரும்பாலும் அசையாமல் வைத்த எடைக்கான கணக்கு. உயரத்திலிருந்து விழுத்தக்கூடத் தேவையில்லை, ஒரு எடையைத் திடீரென்று ஏற்றினாலே, மெதுவாக ஏற்றுவதைவிட இரண்டு மடங்கு அழுத்தம் வரும். ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தால் அதைவிடப் பல மடங்கு.

உயர்தரத்தில் படித்த மீள்தன்மை எல்லை ஞாபகம் இருக்கா? எல்லாப் பாரும் சுமை ஏற வளையும், அது குற்றமில்லை. சுமையை இறக்கியதும் நல்ல பார் நேராகிவிடும், மலிவான பார் அந்த எல்லையைக் கெதியாகத் தாண்டி வளைந்தபடியே நிற்கும். சாதாரண மென்னுருக்கின் இழுவலிமை சுமார் 400 மெகாபாஸ்கல். நல்ல பார்கள் பலவற்றில் அது 1300 அளவில் இருக்கும். தடிப்பும் முக்கியம். ஒரே உருக்கில் செய்த 25 மில்லிமீற்றர் பாரைவிட 28 மில்லிமீற்றர் பார் வளைவை ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். வெறும் 3 மில்லிமீற்றர் வித்தியாசம்தான்.

'இரும்புதானே, என்ன ஆகப்போகுது' எண்டு சிலர் கேட்பினம். எங்கட கோபம் இதிலதான். மலிவான பாரை வாங்குவது யார்? மாதாமாதம் ஜிம்முக்குக் காசு கட்ட ஏலாத பெடியள். ஊர் ஜிம்மில் தங்களுக்கு நேரமோ இடமோ இல்லாத பெட்டையள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய பிறகு நல்ல பாரைக் கனவில் மட்டும் பார்த்தவர்கள். இவர்கள் பயிற்சி செய்வது வீட்டில், அதுவும் தனியாக. பெஞ்சில் படுத்திருக்கையில் பார் பிழைத்தால் பிடிக்க ஒருவரும் இல்லை. ஆகப் பலவீனமான பார், உதவிக்கு ஆளில்லாதவர் கையில்தான் போய்ச் சேருது.

அதனால விற்பவர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. அந்த 100 கிலோவில் பாரின் எடையும் சேர்த்தியா? அசையாத எடைக்கா, விழும் எடைக்கா? தடிப்பு எவ்வளவு, உள்ளே பொள்ளலா? இதைப் பெட்டியில் எழுத ஒரு வரி போதும். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதேங்கோ.

வாங்குபவர்களுக்கும் சொல்லுறம். இரண்டு மூன்று துண்டாகத் திருகிப் பூட்டும் பார் பெரிய எடைக்கு வேண்டாம், பிழைத்தால் முதலில் பிழைப்பது அந்தப் பூட்டுத்தான். பால்மா ரின்னில் சீமெந்து ஊற்றித் தண்ணிக் குழாயில் கோத்ததும் அப்படியே, கை வளர்க்கலாம், நெஞ்சுக்கு மேலே பிடிக்காதேங்கோ. காசு கொஞ்சம்தான் எண்டால் பாருக்குச் செலவழியுங்கோ. தட்டுகளைப் பழசாக வாங்கலாம், இரும்புத் தட்டு பழசானாலும் எடை எடைதான். எழுதியிருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்கோடு நிப்பாட்டுவது நாங்கள் இப்ப வைத்திருக்கும் கணக்கு. மாதம் ஒருக்கா வெறும் பாரைச் சமமான நிலத்தில் உருட்டிப் பாருங்கோ. தள்ளாடினால் வளைந்துவிட்டது எண்டு அர்த்தம். சுத்தியலால் அடித்து நிமிர்த்தினாலும் பழைய பலம் திரும்பாது.

ஒழுங்காகப் பழகும் இளம் உடம்பு ஒன்றிரண்டு வருடத்தில் 100 கிலோ டெட்லிப்டைத் தொடுவது அபூர்வமில்லை. உடம்பு வளரும், பார் வளராது. அதை வாங்கும் நாளிலேயே யோசிக்க வேணும். நாங்கள் யோசிக்கவில்லை. எங்கட பாரில் இப்ப துவாய் காயுது.