அன்னாசிப்பூவுக்கு என்ன இனம்?

"சமையல் கூடாது." கொஞ்சம் தாராள மனசு இருந்தால், "லேசான சமையல் மட்டும்." சிங்கப்பூரில் வாடகைக்கு அறை தேடியவர்கள் எல்லாருக்கும் பழகிப்போன வரி இது. எது லேசு என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் நமக்குப் புரிந்துவிடும்: உங்க ஊர் சமையல் வேண்டாம்.

எண்ணெய்ப் பிசுக்கு சுவரில் ஏறும், சுத்தம் பண்ணக் காசாகும் என்பார்கள். நியாயம்தான். அப்படின்னா "பொரிக்கக் கூடாது" என்று எழுத வேண்டியதுதானே?

ஃபோவை எடுத்துக்கொள்வோம், வியட்நாமிய நூடல்ஸ் சூப். நான் வைப்பது கோழி ஃபோ. எலும்பை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் சிறுதீயில் மூன்று மணி நேரம் வைக்கணும். இஞ்சியையும் வெங்காயத்தையும் தோல் கருகச் சுட்டுப் போடணும். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கொத்தமல்லி விதையை வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து போடணும். கடைசியில் மீன் சாஸ். தேக்காவில் பிரியாணிக்கு வாங்கும் அதே மசாலாதான். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. வாசனை மட்டும் வீடு முழுக்க நிற்கும்.

ஜூ சியாட்டின் வியட்நாமியக் கடைகளில் இதே வாசனைக்குக் காசு கொடுக்கிறோம். ஆனால் நான் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர், என் பானையைத் திறந்துகூடப் பார்க்காமல், "கறி வாடை" என்றார். அதில் ஒரு சிட்டிகை மசாலாத்தூள்கூட இல்லை. அவர் மோந்தது பானையை இல்லை, என்னை.

2011 நினைவிருக்கிறதா? சீனாவிலிருந்து குடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து இந்தியர் வீட்டுக் குழம்பு வாசனை பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் புகார் செய்திருந்தது. சமரசப் பேச்சில், அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அந்தக் குடும்பம் குழம்பைச் சுவைத்துப் பார்ப்பதாகச் சொன்னது. செய்தி வெளியானதும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிறன்று எல்லாரும் குழம்பு வைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு வந்தது. 50,000 பேருக்கு மேல் கைதூக்கினார்கள். 2013இல் அல்ஃபியான் சாஅத் அதை வைத்து நாடகமே எழுதினார். நல்ல விஷயம்தான். ஆனால் குழம்பு வைக்க முதலில் அடுப்பு வேண்டும். திருமணமாகாத சிங்கப்பூரர் பொதுவாக 35 வயதுக்கு முன் தனியாக வீவக வீடு வாங்க முடியாது. வெளிநாட்டு ஊழியருக்கும் மாணவருக்கும் வாடகையை விட்டால் வழியில்லை. "லேசான சமையல்" அடிப்பது இவர்களைத்தான்.

நம்மவர்களும் உத்தமர்கள் இல்லை. வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்துவிட்டு, மீன் சாஸ் பாட்டிலைத் திறந்தால் மூக்கைப் பொத்துகிறோம். அது "அவங்க" சாப்பாடாம். நம் பிரியாணியில் மிதக்கும் அன்னாசிப்பூ வட வியட்நாமிலும் தென் சீனாவிலும் வளரும் மரத்தின் காய். அதைச் சேர்த்துக்கொள்ள நம் பாட்டிகள் யாரிடமும் இனச் சான்றிதழ் கேட்கவில்லை.

அறை பார்க்கப் போகும் நண்பர்களே, எது லேசு என்று எழுத்தில் கேளுங்கள். பொரிக்க மாட்டேன், சமைக்கும்போது காற்றுவாங்கியைப் போடுவேன், அடுப்பைத் துடைத்துவைப்பேன் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். பிறகு, ஃபோ வைக்கலாமா என்று கேளுங்கள். "ஓ, தாராளமா" என்றால், ரசம் வைக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.