நாற்பதடியும் இருபத்தெட்டடியும்

அடி அண்ணாமலையிலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. கிழக்கே நூறு கிலோமீட்டர் போனால்தான் புதுச்சேரிக் கரை. ஆனாலும் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு வீட்டுத் திண்ணையில், சென்ற சில மாதங்களாக நாங்கள் பாய்மரப் படகுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நண்பர் சரக்குக் கப்பல்களில் முப்பது ஆண்டுகள் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது 61. மலேசியாவின் லங்காவித் தீவில் பழைய படகுகள் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 28 அடி. அதைக் கைச்சேமிப்பில் வாங்கிவிடலாம். மற்றது 40 அடி. அதற்கு இங்குள்ள மனையை விற்றாக வேண்டும்.

பெரிய படகே பாதுகாப்பு என்பது அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இந்த விவாதத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். 1928 முதல் 1931 வரை, 32 அடி நீளமுள்ள ‘ஸ்வாப்’ என்ற படகில் உலகைச் சுற்றி வந்தவர். பெயர்கூட சமஸ்கிருதச் சொல்தான். கனவு என்று பொருள் கொண்டு வைத்தார். பெரும்பகுதித் தூரத்துக்கு அவருக்கு வாய்த்த துணை தாஹித்தித் தீவுக்காரர் ஒருவர் மட்டுமே. அதே ராபின்சன் சில ஆண்டுகள் கழித்து ஈழத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யைக் கண்டு மயங்கி விலைக்கு வாங்கினார். நீளம் 89 அடி. தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. நம்மவர் கட்டிய கலம் அட்லாண்டிக்கைக் கடந்தது என்று நாம் பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். ஆனால் அந்தப் பயணத்தில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர் பணியாற்றினார்கள் என்பதை என் நண்பர் கவனிக்க வேண்டும். பாய்களையும் கயிறுகளையும் சிறுவயதிலிருந்தே கையாண்டவர்கள் அவர்கள். சிறு கலத்தில் ராபின்சனுக்கு ஒருவர் போதுமானவராக இருந்தார். பெருங்கலம் என்றதும் ஓர் ஊரே தேவைப்பட்டது. என் நண்பருக்கு அப்படியோர் ஊர் இல்லை. மகன் டொராண்டோவில் இருக்கிறான்.

கணக்கைப் பாருங்கள். 28-லிருந்து 40-க்குப் போகும்போது நீளம் ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. எடையோ, படகின் வடிவம் ஒன்றே என்று கொண்டால், ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுவதால், கிடைக்கும் லாபம் ஐந்தில் ஒரு பங்குதான். துறைமுக வாடகையை அடிக்கணக்கில் வாங்குவார்கள். சிறியதற்குப் பத்துக் கிலோ நங்கூரம் போதும்; பெரியதற்கு இருபது கிலோவும் அதற்கேற்ற சங்கிலியும் வேண்டும். நங்கூரம் தூக்கும் மோட்டார் நள்ளிரவில் நின்றுபோனால் அதை இழுக்கப்போவது யார்? பழைய படகென்றால் பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாய்கள் கிழியும், டீசல் எஞ்சின் மக்கர் செய்யும். விற்பவர் சொல்லும் விலை முதல் தவணைதான். மனையை விற்று வாங்கினால் இரண்டாம் தவணைக்கு விற்க என்ன இருக்கிறது?

அவர் மனைவியின் தரப்பை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். “தம்பி, எனக்கு நிமிர்ந்து நின்னு சமைக்க எடம் வேணும், கதவு சாத்துற பாத்ரூம் வேணும். அவ்வளவுதான்” என்றார். நியாயம். மாதக்கணக்கில் வாழப்போகும் இடம் அது. பெரிய படகு அலையில் குறைவாகத்தான் உலுக்கும், தண்ணீரும் அரிசியும் கூடுதலாக ஏற்றலாம் என்பதும் உண்மையே. ஆனால் அவர் ஐந்தடி உயரம். சிறிய படகிலேயே தாராளமாக நிற்பார். தலையை இடித்துக்கொள்ளப்போகிறவர் நண்பர்தான். 

பாதுகாப்பு என்ற வாதத்துக்குப் பம்பாயில் கட்டப்பட்ட ‘சுஹைலி’யே பதில். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியாக உலகைச் சுற்ற விரும்பியபோது 53 அடியில் ஓர் எஃகுப் படகைத்தான் கட்ட நினைத்தார். பணம் புரளவில்லை. வேறு வழியின்றி, கையில் இருந்த 32 அடித் தேக்குப் படகில் 1968 ஜூன் 14 அன்று புறப்பட்டார். எங்கும் நில்லாமல் 312 நாட்களில், 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். அந்தப் போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. சிறியதாக இருந்ததால்தான் வென்றது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதன் ஒவ்வோர் ஆணியும் அவருக்குத் தெரிந்திருந்தது. உடைந்தவற்றில் பலவற்றை அவரே சரிசெய்துகொண்டார்.

நண்பர் அடுத்த மாதம் லங்காவி செல்கிறார். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: தரகரைக் கரையில் நிற்கவைத்துவிட்டு, நாற்பதடியின் பெரிய பாயைத் தனி ஆளாக ஏற்றி இறக்கிப் பாருங்கள், அப்புறம் நங்கூரத்தையும் கையால் இழுத்துப் பாருங்கள். சம்மதித்திருக்கிறார். மனைப் பத்திரத்தை அதுவரை நான் வைத்திருக்க வேண்டும் என்று அவர் மனைவி நேற்று மாலை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.