வாஷிங் மெஷின்ல தண்ணி போகல, இங்க இன்ஜினியர் யாராவது இருக்கீங்களா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பில் நமக்குச் சொல்லித்தராத முக்கியமான விஷயம், பழுதைக் கண்டுபிடிப்பது. எல்லா ஹாஸ்டலிலும் அடிக்கடி நடக்கிற ஒரு பிரச்சினையை வைத்தே இதைப் பேசலாம்: துவைச்சு முடிஞ்சும் வாஷிங் மெஷினில் தண்ணி வடியாம நிக்கிறது.

அப்படி நின்றதும் என்ன நடக்கும்? வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வரும், அதுக்குக் கீழே மீம் வரும், வார்டனுக்குப் புகார் போகும். மெக்கானிக் வரும் வரைக்கும் துணி அழுக்குத் தண்ணியிலேயே ஊறும். அதே பிளாக்கில் மெக், ட்ரிபிள் ஈ, ஈசிஈ, சிஎஸ்ஈ எல்லாம் இருப்போம். "இந்தத் தண்ணி எந்த வழியா வெளியே போகணும்?" என்ற முதல் கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டோம்.

கேட்டுப் பார்த்தால் பாதி பிரச்சினை அங்கேயே முடியும். செமி ஆட்டோமேட்டிக்கிலும் நிறைய டாப் லோடு மெஷினிலும் தண்ணியைத் தள்ள பம்ப்பே கிடையாது. டப்புக்கு அடியில் இருக்கும் வால்வு திறக்கும், புவியீர்ப்பில் தண்ணி தானா ஓடும். அதனால் ஹோஸ் தரையோடு கிடக்கணும். தரை துடைக்கும்போது யாராவது அதைத் தூக்கிக் குழாயில் மாட்டிவிட்டால் தண்ணி போகாது. கீழே இறக்கிப் போட்டால் போதும், செலவு 0 ரூபாய்.

ஃப்ரண்ட் லோடு இதுக்கு நேர் எதிர். அதில் சின்ன பம்ப் ஒன்று தண்ணியை மேலே தள்ளும். ஹோஸ் முனை பொதுவா 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கணும். ரொம்பக் கீழே போட்டால், ஏறுகிற தண்ணி ஏறஏற வெளியே போயிடும். ஒரு மெஷினுக்குச் சரியான வழி இன்னொன்றுக்குத் தப்பு. எப்படி வேலை செய்யுதுன்னு புரியாமல் யூடியூப் பார்த்து அப்படியே செய்தால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஃப்ரண்ட் லோடில் பம்ப்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருக்கும், பெரும்பாலும் முன்பக்கம் கீழ் மூலையில் சின்ன மூடிக்குப் பின்னால். காசு, சேஃப்டி பின், பட்டன், நூல் எல்லாம் சேர்கிற இடம் அது. ப்ளக்கைப் பிடுங்கிட்டு, வெந்நீரா இருந்தால் ஆறவிட்டு, கீழே ஒரு தட்டு வெச்சு, மெதுவா திருகணும். சட்டுன்னு கழட்டினால் ரூமெல்லாம் வெள்ளம்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் போகலையா? காதைத் தீட்டுங்க. 'உம்ம்'னு சத்தம் வந்து தண்ணி மட்டும் போகலைன்னா, இம்பெல்லர் சிக்கியிருக்கலாம், இல்ல வழி அடைச்சிருக்கலாம். 'கடகட'ன்னா உள்ளே ஏதோ சுத்துது. சத்தமே இல்லைன்னா கரண்ட் வரலை, அல்லது காயில் போயிடுச்சு. ஒவ்வொரு கேள்வியும் சந்தேகப் பட்டியலில் சிலதை அடித்துவிடும். கோடிங்கில் பக் எங்கே இருக்குன்னு பாதி பாதியா ஒதுக்கித் தேடுவது இதே வேலைதான். அதனால் "நான் சிஎஸ்ஈ, எனக்கு எதுக்கு மெஷின்?" என்ற பேச்சு செல்லாது.

எரர் கோடும் முழு பதில் இல்லை. எல்ஜியில் ஓஈ, சாம்சங்கில் 5சி என்று வரும். அதுக்கு அர்த்தம், குறித்த நேரத்துக்குள் தண்ணி மட்டம் இறங்கலை என்பது மட்டும்தான். அந்த மட்டத்தையும் மெஷின் நேரடியாகப் பார்ப்பதில்லை, ஒரு சின்ன ட்யூபில் அடைபட்ட காற்றின் அழுத்தத்தை வெச்சுத்தான் கணக்குப் போடுது. அந்த ட்யூப் அடைத்தால் டப் காலியா இருந்தாலும் நிறைஞ்சிருக்குன்னு மெஷின் நினைக்கலாம்.

இதில் நாம் படிக்காதது எது? அழுத்தம் படிச்சோம். சென்ட்ரிஃபியூகல் பம்ப்புக்கு லேபில் கர்வ் வரைஞ்சோம். மோட்டாருக்கு ஒரு முழு பேப்பரே எழுதினோம். ஆனால் லேபில் நமக்குக் கொடுப்பது எப்பவும் ஓடுகிற கிட்தான், விடையும் முன்னாடியே தெரியும். ரீடிங் வரலைன்னா பக்கத்து பேட்ச் அப்சர்வேஷன் நோட்டு கைமாறும். ஏன் வரலை என்று தேடினால் மார்க் இல்லை, ரெக்கார்டு அழகா இருந்தால் மார்க் உண்டு.

"ஷாக் அடிச்சா? வாரண்டி போனா?" என்று கேட்பீங்க. நியாயமான பயம். ஹோஸைப் பார்ப்பதும் ஃபில்டரைச் சுத்தம் செய்வதும் கம்பெனி மேனுவலே நம்மைச் செய்யச் சொல்லும் வேலை. பின்பக்க பேனலைக் கழட்டுவது மெக்கானிக் வேலை. எங்கே நிறுத்தணும் என்று தெரிவதும் இந்தப் படிப்பில் சேர்த்திதான். "அப்போ மெக்கானிக் பிழைப்பு?" அவரைக் கல்லூரிக்கு அழைத்து, கெஸ்ட் லெக்சரருக்குத் தரும் அதே மரியாதையும் அதே சம்பளமும் கொடுத்து வகுப்பு எடுக்கச் சொல்லலாம். சத்தம் கேட்டே பழுதைச் சொல்கிறவர் அவர்.

இது ஹாஸ்டலோடு முடிகிற விஷயமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷினின் பம்ப் போன்ற முக்கிய உதிரி பாகங்கள் குறைந்தது 10 வருஷம் கிடைக்கணும் என்பது விதி. இந்திய அரசும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. இன்னொரு பக்கம், பேரிங் போனால் டப்பையே மொத்தமா மாத்த வேண்டிய மாதிரி ஒட்டி மூடிய மாடல்களும் விற்குது. நாளைக்கு இதையெல்லாம் டிசைன் செய்யப்போவது நாம்தான். ஒரு தடவைகூட ஒரு மெஷினின் பழுதைத் தேடாதவர் வரைகிற டிசைனில், பழுது பார்க்க வழி எங்கிருந்து வரும்?

அதனால் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு லேப் எக்ஸாமில் ஓடாத கிட்டைக் கொடுங்க. சரி செய்ததுக்கு மட்டும் மார்க் வேண்டாம். எதை முதலில் பார்த்தோம், ஏன் பார்த்தோம், எதை ஒதுக்கினோம் என்று எழுதுவதுக்கு மார்க் போடுங்க. அதுக்குப் புது பட்ஜெட் வேண்டாம், ஸ்டோர் ரூமில் தூசி படிஞ்ச கிட்டே போதும். ஜூனியர்ஸ், அடுத்த கிளாஸ் கமிட்டி மீட்டிங்கில் சிலபஸ் முடிஞ்சதா என்ற பேச்சு முடிந்ததும் இதைக் கேளுங்க. மினிட்ஸில் எழுதவும் சொல்லுங்க.