வீட்டுக்கு எந்தக் கார் நல்லது?

கார் வாங்குவது இன்று பணக்காரர் வீட்டுச் சங்கதி மட்டும் அல்ல. புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் போன்ற பேரூர்களிலும் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துப் பணம் அனுப்பும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. "அப்பா இனிமேல் பஸ்சில் அலைய வேண்டாம். ஒரு கார் வாங்கிவிடலாம்" என்று மகன் போனில் சொல்கிறான். வீட்டில் பேச்சு தொடங்குகிறது.

என்ன கார் வாங்குவது? இங்கேதான் வழக்கு வருகிறது.

மகனுக்கு உயரமான எஸ்.யு.வி. வேண்டும். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. மேடு பள்ளம் தட்டாது என்கிறான். தாய் வேறு கேள்வி கேட்கிறாள்: "எல்லோரும் உட்கார இடம் இருக்குமா? அப்பத்தா ஏறி இறங்க முடியுமா?"

தாயின் கேள்விதான் சரியான கேள்வி. வீடு கட்டுவதற்கு அடுத்தபடி ஒரு குடும்பம் செய்கிற பெரிய செலவு கார். உயிரோடு சம்பந்தப்பட்ட செலவும் அதுவே. ஆகவே இதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

இரண்டும் என்ன?

எஸ்.யு.வி. என்பது ஜீப்பின் வாரிசு. உடல் உயரம். சக்கரம் பெரியது. வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து தூக்கலாக இருக்கும்.

வேகன் என்பது நீளமான வீட்டுக் கார். அதன் கூரை கடைசி வரை ஓடும். பின்னால் தனியாக டிக்கி இராது. ஆளும் சாமானும் ஒரே கூரையின் கீழ் போகும். வண்டி தாழ்வாக இருக்கும். ('வேகன்-ஆர்' என்று ஒரு கார் 1999 முதல் நம் நாட்டில் ஓடுகிறது. பெயரில் வேகன் இருந்தாலும் அது 5 பேர் போகும் சின்னக் கார்.)

வேகன் அமெரிக்காவில் பிறந்தது. ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றிச் செல்ல மரத்தால் உடல் கட்டிய மோட்டார்கள் ஓடின. அதனால் 'ஸ்டேஷன் வேகன்' என்று பெயர் வந்தது. பிறகு இரும்பு உடலோடு வந்தது. பல வருடங்கள் அமெரிக்கக் குடும்பங்களின் கார் அதுதான்.

அந்த வேகனை விரட்டியதில் ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு. பெட்ரோலைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று 1975-ல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. கார்களுக்குக் கடுமையான விதி. சிறு லாரிகளுக்குத் தளர்ந்த விதி. ஜீப் வகை வண்டிகள் லாரிக் கணக்கில் சேர்ந்தன. கம்பெனிகளுக்கு வழி கிடைத்தது. வேகன் செய்வதைக் குறைத்து, எஸ்.யு.வி.யைப் பெருக்கினார்கள்.

நம் நாட்டிலும் வரிதான் காரின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. காரின் நீளம் 4 மீட்டருக்கு மிகக் கூடாது. என்ஜின் பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்கும், டீசல் என்றால் 1,500 சி.சி.க்கும் மிகக் கூடாது. அப்படி இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் இத்தகைய சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். இந்த விதிக்குள் அடங்குவதற்காக வண்டியின் வாலை வெட்டினார்கள். குட்டையாகவும் உயரமாகவும் நிற்கும் சிறு எஸ்.யு.வி.கள் பெருகியதற்கு இது ஒரு காரணம்.

இங்கே வந்த வேகன்கள்

அசல் வேகன் நம் நாட்டில் நிலைக்கவில்லை. டாட்டா எஸ்டேட் 1992-ல் வந்தது. இண்டிகோ மெரினா 2004-ல் வந்தது. இரண்டும் மறைந்துவிட்டன. தனி டிக்கி இல்லாத காரைச் சாமான் வண்டி என்று மக்கள் ஒதுக்கினார்கள்.

ஆனால் வேகன் செய்த வேலை மறையவில்லை. அந்த வேலையை 7 பேர் வண்டிகள் ஏற்றுக்கொண்டன. 2000-ல் குவாலிஸ், 2005-ல் இன்னோவா, 2012-ல் எர்டிகா, 2019-ல் டிரைபர் என்று வரிசையாக வந்தன. இவற்றையே இன்றைய வேகன் என்று சொல்லலாம். ஆகவே அரிமளத்துக் குடும்பத்தின் முன்னால் உள்ள வழக்கு இதுதான்: உயரமான 5 பேர் எஸ்.யு.வி.யா, தாழ்வான 7 பேர் வேகனா?

வைக்கோல் வண்டி சொல்லும் பாடம்

அறுப்புக் காலத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பாரம் உயர உயர, திருப்பத்தில் வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடிப்பார். வேகமாகத் திருப்பினால் வண்டி குடை சாயும். அதே எடையுள்ள நெல் மூட்டையைத் தாழ்வாக அடுக்கினால் அந்தப் பயம் குறைவு.

காருக்கும் இதே நியாயம்தான். எடை உயரத்தில் இருந்தால் உருளும் ஆபத்து கூடுகிறது. எஸ்.யு.வி.யில் உட்கார்ந்தால் சாலை முழுவதும் தெரிகிறது. அதனால் பத்திரம் என்று மனம் நம்புகிறது. அந்த நம்பிக்கையில் கால் வேகத்தை அழுத்துகிறது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகக் காரைக்குடி போகும் நெடுஞ்சாலையில் ஓர் ஆடு குறுக்கே வந்தால் சட்டென்று திருப்ப வேண்டியிருக்கும். உயரமான வண்டியின் சோதனை அப்போதுதான்.

இதற்கு ஒரு கருவி உண்டு. வண்டி வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுத்து நிலைநிறுத்தும். 'ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்' என்று அதற்குப் பெயர். எந்த வண்டி வாங்கினாலும் இது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பாட்டுப் பெட்டிக்கும் கூரைக் கண்ணாடிக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

வெள்ளத்தில் கம்பீரம் செல்லாது

"மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் தண்ணீர் போகும். அதற்கு எஸ்.யு.வி.தானே வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள்.

இது ஆபத்தான எண்ணம். ஓடும் தண்ணீர் 1 அடி ஆழம் இருந்தாலே சின்னக் காரை மிதக்க வைக்கும். 2 அடி ஆழம் இருந்தால் பெரிய எஸ்.யு.வி.யையும் இழுத்துக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் காட்டாறு பெருகும்போது எந்தக் காரும் இறங்கக் கூடாது. தண்ணீர் வடியும் வரை இக்கரையில் காத்திருப்பதுதான் புத்தி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பார்ப்பதற்கு ஜீப் போல இருக்கும் எஸ்.யு.வி.களில் பெரும்பாலானவற்றில் முன் சக்கரம் இரண்டுக்கு மட்டுமே இழுவை. நான்கு சக்கர இழுவை சில வண்டிகளில் மட்டுமே உண்டு. சேற்றில் மாட்டினால் உருவத்தைப் பார்த்துச் சேறு விடாது.

வாசலில் விளையாடும் குழந்தை

கிராமத்து வீட்டு வாசல் என்பது குழந்தைகள் விளையாடும் இடம். கோழியும் அங்கேதான் மேயும். காரும் அங்கேதான் நிற்கும்.

முன்பக்கம் உயரமான வண்டியில், பானெட்டுக்கு அருகே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் பின்பக்கம் எச்சரிக்கும் கருவி கட்டாயம். முன்பக்கத்தைக் கண்தான் பார்க்க வேண்டும்.

நடந்து போகிறவர்களுக்கும் உயரம் பகை. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் ஆராய்ச்சி நிலையம் 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், முன்பக்கம் 30 அங்குலத்துக்குள் சரிவாக அமைந்த வண்டி மோதுவதைவிட, நடந்து போகிறவர் சாவதற்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. சாலையில் நடப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

தலையை எண்ணுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு இதுதான். காரில் எத்தனை பேர் போவார்கள்?

தாய், தந்தை, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், அப்பத்தா. ஆக 7 பேர். குலதெய்வம் கோவிலுக்குப் போனாலும், காதுகுத்துக்குப் போனாலும் 7 பேரும் போவார்கள். 5 பேர் வண்டி வாங்கினால் பிள்ளைகள் மடியில் உட்காருவார்கள். மடியில் இருக்கும் பிள்ளைக்குப் பெல்ட் இல்லை. மோதும்போது தாயின் கை அந்தப் பிள்ளையைத் தாங்காது. எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்த வேகத்தைக் கை தடுக்க முடியாது.

பின் இருக்கையில் பெல்ட் வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. 2022 செப்டம்பர் 4-ந் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் போனது விலை உயர்ந்த எஸ்.யு.வி. அவர் பின் இருக்கையில் இருந்தார். பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். வண்டியின் விலை காப்பாற்றவில்லை.

ஆகவே ஆளுக்கு ஓர் இருக்கை, இருக்கைக்கு ஒரு பெல்ட். இதுதான் குடும்பக் காரின் முதல் இலக்கணம். பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

வேகனிலும் குறை உண்டு. 7 பேரும் உட்கார்ந்தால் சாமானுக்கு இடம் சுருங்கும். எர்டிகாவில் அப்போது மிஞ்சுவது 209 லிட்டர் இடம்; டிரைபரில் 84 லிட்டர்தான். கடைசி வரிசையை மடக்கினால் எர்டிகாவில் 550 லிட்டர் கிடைக்கும். ஆகவே 7 பேரும் போகும் நாளில் பெட்டியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கூரை மேல் மூட்டை கட்டினால் அதுவும் வைக்கோல் வண்டிதான். கடைசி வரிசை நெருக்கமாகவும் இருக்கும். அங்கே வளர்ந்த பிள்ளைகளை உட்கார வையுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை வேண்டாம்.

பணக் கணக்கு

ஆசைப்பட்ட எஸ்.யு.வி. 3 லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லட்சத்தையும் 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி 5 வருடத்தில் கட்டினால், மாதம் சுமார் 6,200 ரூபாய் கூடுதல் தவணை. மொத்தம் கட்டுவது சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம்.

பெட்ரோலையும் பாருங்கள். வருடத்துக்கு 10,000 கிலோ மீட்டர் ஓடினால், லிட்டருக்கு 20 கிலோ மீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 500 லிட்டர் போதும். 15 கிலோ மீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 667 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் வித்தியாசம் வருடத்துக்கு 16,700 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அது உதவும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் மகனின் சம்பளம் என்றைக்கும் நிலை என்று சொல்ல முடியாது. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். தவணை மட்டும் நிற்காது.

எஸ்.யு.வி. யாருக்கு?

எஸ்.யு.வி. வேண்டவே வேண்டாம் என்பதல்ல. தினமும் வயல் பாதையிலும் செம்மண் சரளையிலும் போய்வர வேண்டியவருக்கு அது பயன்படும். வீட்டில் 4 பேர்தான், எல்லோரும் திடமானவர்கள் என்றால் சிறு எஸ்.யு.வி. போதுமானது. அதிலும் நல்ல பாதுகாப்பு உள்ள வண்டிகள் உண்டு. 2018 டிசம்பரில் முதன்முதலாக 5 நட்சத்திரம் பெற்ற இந்தியக் கார் டாட்டா நெக்சான். அது சிறு எஸ்.யு.வி.தான். ஆகவே உருவத்தைப் பார்த்து எதையும் தள்ளவும் வேண்டாம், அள்ளவும் வேண்டாம்.

வருடத்தில் 365 நாள். அதில் கரடுமுரடான பாதையில் போகும் நாள் எத்தனை? குடும்பத்தோடு தார்ச்சாலையில் போகும் நாள் எத்தனை? எது அதிகமோ அதற்கு ஏற்ற வண்டியை வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது

கார் பார்க்க ஆண்பிள்ளைகள் மட்டும் போவது வழக்கமாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும். குடும்பமே போக வேண்டும்.

அப்பத்தாவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறினால் அந்த வண்டிக்கு ஒரு மதிப்பெண். பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு இருக்கையிலும் பெல்ட் சரியாக மாட்டுகிறதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

பிறகு நட்சத்திரம் கேளுங்கள். 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்கேப்' என்ற பெயரில் நம் நாட்டிலேயே கார்களை மோதிச் சோதித்து நட்சத்திரம் வழங்குகிறார்கள். பெரியவர்களின் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம். குழந்தைகளின் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம். இரண்டையும் கேட்க வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறிய வண்டி எஸ்.யு.வி.யானால் வாங்குங்கள், வேகனானால் அதையே வாங்குங்கள். ஆனால் 7 பேர் உள்ள வீட்டுக்கு, தாழ்ந்து நீண்ட வண்டிதான் பெரும்பாலும் தேறும்.

புதுக் காரை ஊர் மெச்சுவது ஒரு வாரம். அதில் குடும்பம் போய்வருவது பத்து வருடம். அந்தப் பத்து வருடமும் போனவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அதைவிடப் பெரிய கௌரவம் ஒரு காருக்கும் இல்லை; ஒரு குடும்பத்துக்கும் இல்லை.