கொழுந்து நிறுத்தவருக்கும் ஒரு துண்டு வேண்டும்

கொடகவெல டவுனில் ஏதாவது ஒரு கடைக்குப் போய் ஒரு தேயிலைப் பக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பார்கோடுக்குக் கீழே உள்ள எண் பெரும்பாலும் 479 என்று தொடங்கும். அந்தக் கொம்பனி ஜிஎஸ்1 அமைப்பின் இலங்கைக் கிளையில் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணை இங்கே ஸ்கேன் பண்ணினாலும் துபாயில் ஸ்கேன் பண்ணினாலும் அது குறிப்பது அதே பக்கெட்டைத்தான்.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம். மலையிலிருந்து வந்த அம்மாவிடம், "இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டுப் பாருங்கள். "இருபது இருக்கும்னு நெனக்கிறேன். புத்தகத்துல என்ன போட்டாங்களோ தெரியல." பக்கெட்டைப் பற்றி உலகத்துக்கே தெரியும். அதற்குள் இருக்கிற கொழுந்தைப் பறித்தவருக்குத் தன் கிலோ சரியாகத் தெரியாது. இதைப் பற்றித்தான் எழுத நினைத்தோம்.

வியாபாரம் செய்கிற கொம்பனிகள் இப்போது கடிதம் எழுதியோ போன் எடுத்தோ மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு கொம்பனியின் கணினி மற்றதன் கணினியோடு நேராகப் பேசுகிறது. ஆளுக்கொரு விதமாக எழுதினால் குழம்பிவிடும் என்பதால் பொது விதிகள் வைத்திருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் 1987இல் வந்த எடிஃபெக்ட் அதில் ஒன்று. ஓடர் கொடுக்க ஒரு செய்தி, சரக்கு அனுப்பியதைச் சொல்ல ஒரு செய்தி, பில்லுக்கு ஒரு செய்தி என்று தனித்தனி வடிவங்கள் அதில் உண்டு.

அவற்றில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது 'ரெக்அட்வ்' என்ற செய்தி. சரக்கை வாங்கியவர் அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்வது அது. நூறு பெட்டி அனுப்பி, அதில் மூன்று நனைந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். வந்தது நூறு, ஏற்றது 97, குறைத்தது மூன்று, காரணம் நனைந்தது என்று எல்லாவற்றையும் சொல்ல அதில் இடம் இருக்கிறது. சண்டை வந்தால் இரண்டு பக்கத்திடமும் ஒரே கணக்கு இருக்கும். இதெல்லாம் கொம்பனிகள் ஒன்றையொன்று முழுசாக நம்புவதால் வந்ததில்லை. நம்பிக்கையை மட்டும் வைத்து வியாபாரம் செய்ய முடியாது என்று தெரிந்ததால் வந்தது.

நம்ம தேயிலையும் ஸ்டோரை விட்டுப் போன பிறகு இப்படித்தான் பயணம் செய்கிறது. தோட்டத்தின் மார்க், தரம், இன்வொய்ஸ் இலக்கம், எத்தனை பொதி, எத்தனை கிலோ எல்லாம் புரோக்கரின் கட்டலொக்கில் ஏறும். கொழும்புத் தேயிலை ஏலம் தொடங்கியது 1883இல். அன்றிலிருந்து மண்டபத்தில் உட்கார்ந்து விலை கூவிய ஏலம், கொரோனா முடக்கம் வந்ததும் 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு ஏற்றுமதிக்காரர், சுங்கத்தின் அசிகுடா கணினி, கப்பல். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு பதிவு, அதற்கு ஒரு பிரதி.

கொழுந்து மடுவத்தில் மட்டும் பிரதி இல்லை.

மடுவத்தில் நடப்பது நம்ம எல்லாருக்கும் தெரியும். கூடைக்கு இவ்வளவு, மழை நாளில் தண்ணிக்கு இவ்வளவு, முத்தல் இலைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். ஒரு நிறுவைக்கு 2 கிலோ கழித்தால், நாளைக்கு மூன்று நிறுவையில் 6 கிலோ போகும். நோம் 18 என்று வைத்துக்கொண்டால், 22 கிலோ பறித்தவரின் கணக்கில் 16தான் நிற்கும். அதோடு முழுப் பேர் அரைப் பேராகிவிடும். 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆனபோது பல இடங்களில் சண்டை சம்பளத்திலிருந்து கிலோவுக்கு மாறியது நினைவிருக்கும். 2024இல் 1350 என்று வர்த்தமானி வந்த பிறகும், கையில் எவ்வளவு வரும் என்பதில் தராசுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கழிப்பதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மழைத் தண்ணியைக் கொழுந்து விலைக்கு வாங்க ஸ்டோரால் முடியாதுதான். ஆனால் எவ்வளவு கழித்தீர்கள், எதற்குக் கழித்தீர்கள் என்று எழுதிக் கொடுக்கலாமே. சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசும் வந்துவிட்டது. அந்தத் தராசில் ஏறுகிற எண் ஒஃபீசுக்குப் போகிறது. கூடையைத் தூக்கி வைத்தவரின் கைக்கு வருவதில்லை.

"தொழிலாளி என்ன வியாபாரக் கூட்டாளியா, அவருக்கு எதற்கு ரசீது?" என்று கேட்பார்கள். இந்தப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களைப் பாருங்கள். அவர்கள் கொடுக்கிற கொழுந்தின் விலை ஏலத்தில் கிடைத்த சராசரியோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு 68, ஸ்டோருக்கு 32 என்று பங்கும் பேசப்பட்டிருக்கிறது. அங்கேயும் தகராறு இல்லாமல் இல்லை. ஆனால் கணக்குக் கேட்க அவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. கிலோவை வைத்துப் பேர் போடுகிற இடத்தில், தொழிலாளியும் கிலோ கொடுத்துக் காசு வாங்குகிறவர்தானே? அவருக்கும் அந்தப் பிடி வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிய கணினித் திட்டம் இல்லை. ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு துண்டு அல்லது ஒரு எஸ்எம்எஸ். அதில் திகதி, நிறுத்த கிலோ, கழித்த கிலோ, கழித்த காரணம். மாதம் முடிந்ததும் இந்தக் கணக்கும் சம்பளத் துண்டும் ஒத்துப்போக வேண்டும். எழுத்து தமிழில் இருக்க வேண்டும். சப்ரகமுவவில் நாங்கள் சிதறிக் கிடக்கிறோம், ஒஃபீசுகளில் பெரும்பாலும் சிங்களம்தான். அதற்காக அம்மா தன் கிலோவை வாசிக்க இன்னொருவரைத் தேடிப் போக முடியாது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பேசுகிறது. அது முழுசாக நடைமுறைக்கு வருவதுதான் தள்ளித் தள்ளிப் போனது. தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாவோடு சேர்த்து இந்தத் துண்டையும் மேசையில் வைக்க வேண்டும். ரூபா எவ்வளவு கூடினாலும் கிலோவில் கழிந்துபோனால் வீட்டுக்கு வந்து சேராது.

அதுவரை நம்மால் முடிந்ததைச் செய்வோம். சாயங்காலம் அம்மா வந்ததும் மூன்று நிறுவையையும் கேட்டு, ஒரு கொப்பியிலோ போனிலோ எழுதி வையுங்கள். சம்பளத் துண்டு வருகிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால், அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு நீங்களும் ஒஃபீசுக்குப் போங்கள்.