கொடைப்பகுதியின் கணக்கும் நோயாளியின் எதிர்பார்ப்பும்

நியூயார்க் தோல்நோய் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் வெளியிட்ட கட்டுரை, முடி மாற்று அறுவை சிகிச்சை முழுவதற்கும் அடிப்படையான ஓர் உண்மையை நிறுவியது: பிடரியிலிருந்து எடுத்து வழுக்கை விழுந்த முன்தலையில் நடப்படும் மயிர்க்கால், புதிய இடத்தின் இயல்பை ஏற்காமல் தான் இருந்த இடத்தின் இயல்பையே தொடர்கிறது. கொடைப்பகுதி ஆதிக்கம் எனப்படும் இக்கோட்பாட்டின்படி, வழுக்கைக்குக் காரணமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீருக்குப் பிடரி மயிர்க்கால்கள் பெரும்பாலும் பணிவதில்லை. அந்த எதிர்ப்பாற்றல் நட்ட இடத்துக்கும் உடன் வருகிறது. ஜப்பானில் ஷோஜி ஒக்குடா 1939-இலேயே தழும்புகளில் முடி நட்டு வெற்றி கண்டிருந்தார் எனினும், அவரது பணி போர்க்காலத்தில் மேலைநாடுகளின் கவனத்துக்கு வராமலே போயிற்று. அன்றைய 4 மில்லிமீட்டர்த் துளைகருவிக்குப் பதிலாக இன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கருவி வந்துவிட்டது. ஆனால் இச்சிகிச்சையால் தலையிலுள்ள மயிர்க்கால்களின் மொத்த எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடுவதில்லை என்பது மட்டும் மாறவில்லை. ஆலோசனை அறையில் இவ்வுண்மை எண்களாகச் சொல்லப்படாததே பிற்கால மனக்கசப்புகளுக்கு வேராக இருக்கிறது என்பது இவ்விதழின் கருத்து.

எண்கள் கடினமானவை அல்ல. முடி தோலிலிருந்து தனித்தனியாக முளைப்பதில்லை. ஒன்று முதல் நான்கு முடிகள் வரை சேர்ந்து ஒரே துளையில் எழும் மயிர்க்கால் அலகுகளாக அது அமைந்துள்ளது. நடைமுறையில் கிராஃப்ட் எனப்படுவது இவ்வலகையே. இயல்பான தலையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 65 முதல் 85 அலகுகள் இருக்கும். நார்வுட் அளவுகோலின் ஆறாம் நிலையில், அதாவது முன்தலையும் உச்சந்தலையும் ஒன்றாக வழுக்கையாகிவிட்ட நிலையில், வெறுமையான பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், அங்கு முன்பு இருந்தவை ஏறக்குறைய 15,000 அலகுகள். இயல்பு அடர்த்தியில் பாதி குறையும் வரை கண்ணுக்கு வழுக்கை தெரிவதில்லை என்பதால், அந்தப் பாதியை மட்டும் ஈடுசெய்யவே 7,500 அலகுகள் வேண்டும். பிடரி மெலியாமல் ஒருவரது வாழ்நாள் முழுவதும் எடுக்கக்கூடியவையோ பெரும்பாலோருக்கு 6,000-ஐ ஒட்டியே நிற்கின்றன. அடர்த்தி குறைந்தவர்களுக்கு அதுவும் இல்லை. எனவே முற்றிய வழுக்கையில் முகத்துக்குச் சட்டமாக அமையும் முன்பகுதிக்கு முதலிடம் தந்து, உச்சியை மெலிதாகவோ வெறுமையாகவோ விட வேண்டியிருக்கும் என்பது அறுவையாளரின் திறமைக்குறைவு அன்று, கணக்கின் விளைவு. முடியின் தடிமனும் சுருளும் இக்கணக்கைச் சற்று இளக்கித் தருகின்றன: விட்டம் இருமடங்கானால் குறுக்குப்பரப்பு நான்கு மடங்காவதால், தடித்த, சுருண்ட முடி கொண்டவருக்குக் குறைந்த அலகுகளே போதுமான மறைப்பைத் தந்துவிடுகின்றன.

கிராஃப்ட் ஒன்றுக்கு இவ்வளவு என விலை பேசும் வழக்கம் இக்கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. ஒரே அமர்வில் 4,000, 5,000 என்ற எண் நோயாளிக்கு ஆதாயமாகத் தோன்றுகிறது. அது வாழ்நாள் இருப்பிலிருந்து எடுத்த செலவு என்பதை எவரும் சொல்வதில்லை. தோல்பட்டையை வெட்டி எடுத்து நுண்ணோக்கியின் கீழ் அலகுகளாகப் பிரிக்கும் எஃப்யூடி முறையில் கோடாக ஒரு தழும்பு எஞ்சும்; அலகுகளைத் தனித்தனியே துளைத்தெடுக்கும் எஃப்யூஇ முறையில் வெண்புள்ளிகளாகச் சிதறிய தழும்புகள் எஞ்சும். பின்னதைத் தழும்பற்ற சிகிச்சை என்று விளம்பரப்படுத்துவது பொய். அளவுக்கு மீறித் துளைக்கப்பட்ட பிடரி பூச்சி அரித்த துணிபோலத் தோன்றும். அதைச் சரிசெய்யப் போதிய மயிர்க்கால்கள் அப்போது எஞ்சியிருப்பதுமில்லை.

இருபதுகளின் தொடக்கத்தில் வரும் இளைஞரே இத்துறையின் மிகக் கடினமான நோயாளி. பதினேழு வயதில் இருந்த நெற்றிக்கோட்டையே அவர் கேட்கிறார். கேட்டபடி தாழ்வாக வரைந்து அடர்த்தியாக நட்டுக் கொடுத்தால் ஓராண்டு மகிழ்வார். ஆனால் வழுக்கை நிற்பதில்லை. நடப்பட்ட முடி நிலைத்திருக்க, அதற்குப் பின்னுள்ள இயல்பான முடி உதிர்ந்துகொண்டே போவதால், நாற்பது வயதில் முன்னால் ஒரு பட்டையும் பின்னால் வெறும் தலையுமாக நிற்கும் தோற்றத்தைத் திருத்த அதே பிடரியையே மீண்டும் நாட வேண்டியிருக்கும். 1988-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மினாக்சிடில் பூச்சும், 1997-இல் ஒப்புதல் பெற்ற 1 மில்லிகிராம் ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் இயல்பான முடியைக் காக்கவே தேவைப்படுகின்றன. அறுவைக்குப் பின் மருந்து வேண்டியதில்லை என்ற உறுதிமொழி அதனால்தான் ஆபத்தானது. ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலியல் விருப்பத்தையும் செயல்பாட்டையும் குறைக்கக்கூடும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியதே. பிடரி உட்படத் தலை முழுவதும் மெலிந்துவரும் பரவல் வழுக்கை, செயல்நிலையிலுள்ள புழுவெட்டு, தழும்பாக்கும் வழுக்கை நோய்கள், சிறு குறையைப் பெருங்குறையாகக் காணும் உடல்தோற்ற மனக்கோளாறு ஆகியவற்றில் மறுப்பதே சிகிச்சை.

ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குத் தர வேண்டியது ஒரு நாட்காட்டி. மூன்றாம், நான்காம் நாட்களில் நெற்றி வீக்கம் கண்ணிமை வரை இறங்கலாம்; பொருக்குகள் பத்து நாட்களுக்குள் உதிரும். இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டாம் மாதத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். இடம்பெயர்ந்த அதிர்ச்சியில் மயிர்க்கால்கள் ஓய்வுப் பருவத்துக்குச் செல்வதே இதற்குக் காரணம். தண்டு விழுந்தாலும் வேர் உள்ளேயே இருக்கிறது. அருகிலுள்ள இயல்பான முடியும் அதிர்ச்சியில் உதிரலாம், ஏற்கெனவே நலிந்திருந்தவை திரும்பாமலும் போகலாம். ஓய்வுப் பருவம் சுமார் மூன்று மாதங்கள் நீடிப்பதால் நான்காம் மாதத்தையொட்டியே மெல்லிய முளைகள் தெரியத் தொடங்கும். மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும் முடி ஆறாம் மாதத்தில் பாதித் தோற்றத்தையும், ஓராண்டில் ஏறத்தாழ முழுத் தோற்றத்தையும் தரும். உச்சந்தலைக்குப் பதினெட்டு மாதங்கள்கூட ஆகலாம். பணம் செலவழித்த பின்னும் மூன்றாம் மாதத்தில் முன்பைவிட மோசமான தலையைக் கண்ணாடியில் காணும் நோயாளிக்கு, இந்த நாட்காட்டியை அப்போது விளக்கினால் அது சாக்குப்போக்காகவே கேட்கும்.

அழகுக்கான சிகிச்சை என்பதால் ஆபத்தற்றது என்ற எண்ணம் மருத்துவர்களிடையேயும் இருக்கிறது. 2016-இல் சென்னையில் இச்சிகிச்சை பெற்ற மருத்துவ மாணவர் ஒருவர் அதைத் தொடர்ந்து உயிரிழந்ததை இத்துறை மறந்திருக்க இயலாது. ஆபத்துகளில் ஒன்று மரப்பு மருந்தின் அளவு. தலையை மரக்கச் செய்ய ஊசியாகச் செலுத்தப்படும், அட்ரினலின் கலந்த லிக்னோகைனின் வழக்கமான உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 420 மில்லிகிராம், அதாவது 2 விழுக்காட்டுக் கரைசலில் 21 மில்லிலிட்டர். 30 மில்லிலிட்டர்க் குப்பி ஒன்று குறுகிய நேரத்தில் முழுவதும் உட்சென்றால் 600 மில்லிகிராம் சென்றுவிடும். ஆறு முதல் எட்டு மணி நேரம் நீளும் அமர்வில், பிடரிக்கும் முன்தலைக்கும் வெவ்வேறு கைகள் ஊசி போடும்போது, யார் எவ்வளவு செலுத்தினார் என்று எழுதிவைக்க ஒருவர் இல்லையெனில் மிகை அளவு அறியாமலே நேரும். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது போதிய பயிற்சி ஆகாது எனத் தெளிவாகவே கூறியிருக்கிறது. நெற்றிக்கோட்டை வரைந்துவிட்டு எஞ்சிய அனைத்தையும் பணியாளர்களிடம் விட்டுச் செல்லும் மருத்துவர் அவ்வழிகாட்டுதலின் நோக்கத்தை மீறுகிறார்.

ஆகவே இத்துறையினரிடம் இவ்விதழ் கேட்டுக்கொள்வது இது: கொடைப்பகுதியின் அடர்த்தியை அளந்து, வாழ்நாளில் எடுக்கத்தக்க அலகுகளையும் இம்முறை செலவாகப்போகும் அலகுகளையும் ஒப்புதல் படிவத்திலேயே எண்களாக எழுதி, மாதவாரியான நாட்காட்டியுடன் நோயாளியின் தாய்மொழியில் கொடுத்து, முடிவெடுக்கக் குறைந்தது ஒரு வாரமாவது அவகாசம் தாருங்கள், முன்பணத்தை அதற்குப் பிறகு பெறுங்கள்.