ஆயிலுக்குள் ஒரு காந்தம்

தையல் பெட்டி கவிழ்ந்தால், சிதறிய ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்குகிறோம் அல்லவா? சில கார்களிலும் இதே தந்திரந்தான். ஆயிலை வடிக்கும் திருகாணியின் முனையில் சிறு காந்தம் ஒன்று இருக்கும். எஞ்சினுக்குள் தேயும் இரும்புத் துகள்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அந்தத் திருகாணியைக் காட்டச் சொல்லுங்கள். மை போல நைசாகப் படிந்திருந்தால் பயமில்லை, வழக்கமான தேய்மானம். செதில் செதிலாகத் துண்டுகள் ஒட்டியிருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. உடனே கவனிக்க வேண்டும். பல விமானங்களில் இத்தகைய காந்தத்தில் துகள் சேர்ந்தால், விமானியின் எதிரே எச்சரிக்கை விளக்கே எரியும்!

ஆனால், அலுமினியமும் மணலும் காந்தத்திடம் அகப்படா. காந்தம் இருக்கிறதே என்று ஆயில் செலவில் மிச்சம் பிடித்தால், பிறகு எஞ்சினுக்கே செலவழிக்க நேரும்!